ஒன்பது பாகமும் ஒரே சிலேட்டில்

கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் உரிமையாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கடை உரிமத்தில் அதை எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அது மாட்டியிருக்கும் உயரத்துக்கு அவர் விற்கும் எந்தக் கண்ணாடியும் எட்டாது என்பதால் இதுவரை யாரும் படித்ததில்லை. கண்ணாடிக்காரர் என்றால் தபால்காரருக்கும் தெரியும், வரி வசூலிக்க வருகிறவருக்கும் தெரியும். நமக்கும் அது போதும்.

கடைக்கு மேலே வீடு. வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் அவரும் மனைவியும் இருந்தார்கள். ஒன்று சமையலறை. மூன்றாவதில் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது புத்தகங்கள் குடியிருந்தன. மகள் வேலைக்கு வெளியூர் போவதற்கு முன்புவரை புத்தகங்களுக்கு இடைஞ்சலாக அந்த அறையின் ஓரத்தில் படுத்துக்கொண்டிருந்தாள்.

புத்தகம் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. இரவல் கொடுக்காதவர்கள், கொடுத்துவிட்டுப் புலம்புகிறவர்கள். கண்ணாடிக்காரர் மூன்றாவது வகையைத் தனியாளாக நடத்திவந்தார். யார் கேட்டாலும் கொடுப்பார். கண் பரிசோதிக்க வந்தவர் கேட்காவிட்டாலும் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் அதிலிருந்து நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையில், வாங்கிப் போனவர் வீட்டு வாசலில் நிற்பார். எழுதிவைக்கிற பழக்கம் கிடையாது. எல்லாம் தலைக்குள் இருந்தது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு உடனே கிளம்புகிற மனிதரும் இல்லை. உட்காருவார். காபி வரும். பிறகு மூன்று கேள்விகள் கேட்பார். இரவல் வாங்கியவர்கள் இதைப் பரீட்சை என்றார்கள். அவர் உரையாடல் என்றார்.

மருந்துக்கடைக்காரர் ஒருமுறை மாட்டிக்கொண்டது தெருவுக்கே தெரியும்.

"கதாநாயகி கடைசியில என்ன ஆனா?"

"நல்லா இருக்கா சார்."

"அவ பன்னிரண்டாவது அத்தியாயத்துலயே செத்துட்டா."

"அதுவரைக்கும் நல்லாதானே சார் இருந்தா."

இப்படியாக அந்த மனிதர் முப்பது வருடம் ஊரின் பாதி வீடுகளில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார். புத்தகத்தை மீட்கப் போவதாகத்தான் அவரும் நம்பினார்.

இதில் ஒரு வீடு மட்டும் தனி. அது அவருடைய அண்ணன் வீடு.

அண்ணன் சர்வேயர். அரசாங்கத்துக்கு நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடங்களுக்கு முன்பு பெற்றோர் விட்டுப்போன மனையைப் பிரிக்கும்போது, வீட்டிலேயே சர்வேயர் இருக்கையில் வெளியாள் எதற்கு என்று அண்ணனே அளந்தார். அண்ணன் பக்கம் ஒன்றரை அடி கூடுதலாக வந்தது. அது மனையின் கோணல் என்று அண்ணன் படம் போட்டு விளக்கினார். படம் சரியாகத்தான் இருந்தது. தம்பியின் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"டேப்பும் உன்னோடது, கையும் உன்னோடது. அப்புறம் மனை என்ன பண்ணும், பாவம்."

நாற்பது வருடம் ஊரார் நிலத்தை அளந்து ஒரு சொல் கேட்காதவர் அண்ணன். அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"நீ மட்டும் என்ன? பவர் இவ்வளவுன்னு நீயே சொல்ற, கண்ணாடியையும் நீயே விக்கிற. ஊர்ல பாதிப் பேருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, உன் கடைக்கு வர்ற வரைக்கும்."

அதோடு பேச்சு நின்றது. தம்பி தன் பங்கை விற்றுவிட்டு ஊரின் மறுகோடியில் கடைக்கு மேலே குடிபோனார். எட்டு மாதம் போயிற்று. ஒருநாள் அண்ணி கண்ணாடியின் ஸ்குரூ கழன்றுவிட்டதென்று கடைக்கு வந்தார். ஸ்குரூ தானாகக் கழன்றிருக்கவில்லை. வரும் வழியில் யாரோ கையால் கழற்றியதுபோல் இருந்தது. முடுக்கிக் கொடுத்தபின்பும் அண்ணி போகவில்லை.

"தம்பி, ஒன்பது பாகமா ஒரு சரித்திர நாவல் வச்சிருந்தீங்களே, அதுல மொதல் பாகம் இருக்கா? அவர் கேட்டார்னு நான் சொல்லல. இருக்கானு மட்டும் கேக்கறேன்."

இருந்தது. கொடுத்தார். நாலாவது ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இஸ்திரிச் சட்டையோடு அண்ணன் வீட்டு வாசலில் தம்பி நின்றார். விதி விதிதானே. அண்ணன் என்பதற்காகப் புத்தகத்தை விட்டுவிட முடியுமா?

உள்ளே இரண்டு நாற்காலிகள். இடையே நாலடி. அண்ணன் தலையை வலப்பக்கம் திருப்பி, கொஞ்சம் சாய்த்து, செய்தித்தாளைப் பிடித்திருந்தார். அந்தச் சாய்வில் இருந்த திமிரைத் தம்பி வாசலிலேயே கவனித்துவிட்டார்.

"மொதல் பாகம் முடிஞ்சுதானு கேளுங்க அண்ணி."

"முடிஞ்சுதுனு அவர்கிட்ட சொல்லு," என்றது செய்தித்தாள். கூடப் பிறந்த தம்பியை 'அவர்' என்பது நம் மொழியில் கிடைக்கிற மிக மரியாதையான செருப்படி.

"கோட்டைக் கதவைத் தொறந்து விட்டது யாருன்னு கேளுங்க."

"சமையக்காரன். ரெண்டாவது சமையக்காரன்."

"சரிதான். ரெண்டாம் பாகம் கொண்டு வந்திருக்கேன்னு சொல்லுங்க."

"அங்க வச்சுட்டுப் போகச் சொல்லு. அவசரம் இல்ல. காபி ஆறிப்போச்சுன்னா வேற கேட்டு வாங்கிக்கச் சொல்லு."

இப்படி ஒரு பாகம் போய் மறு பாகம் வந்தது. ஒன்பதும் முடிந்ததும், "மொத பாகத்துல ஒரு எடம் மறந்துபோச்சு, மறுபடியும் வேணும்னு கேக்கச் சொன்னார்" என்றார் அண்ணி. சுற்று திரும்ப ஆரம்பித்தது. பதினோரு வருடத்தில் பதினாலு சுற்று. ஒரு படைத்தலைவனின் வம்சத்தை ஐந்து தலைமுறைக்கு விரட்டிப் போகும் நாவலை ஒரு சர்வேயர் பதினாலு தடவை படிப்பது இயற்கைதானா என்ற ஐயம் கண்ணாடிக்காரருக்கு ஒருநாளும் வரவில்லை. அளப்பவர்கள் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பார்கள், அண்ணன் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார். கேள்விகளை மட்டும் சுற்றுக்குச் சுற்று கடுமையாக்கினார். பத்தாவது சுற்றில் இளவரசியின் குதிரை என்ன நிறம் என்று கேட்டார். அண்ணனும் அசரவில்லை. "செவலை. நெத்தில வெள்ள."

முதல் ஓரிரு வருடம் அண்ணி நடுவில் நின்று வாக்கியங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடத்தினார். பிறகு அலுத்துப்போய்க் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார். சகோதரர்கள் இருவரும் அதற்கப்புறமும் அண்ணியைப் பார்த்தே பேசினார்கள். அண்ணி எழுந்து சமையலறைக்குப் போனால், அவர் உட்கார்ந்திருந்த பலகையைப் பார்த்துப் பேசினார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது ஒரு மூக்கு.

கண்ணாடிக்காரரின் மனைவி மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர். காலையில் எழுந்ததும் இருபத்திரண்டு தும்மல். மூச்சு இழுக்கும்போது விசில் சத்தம். ஒருநாள் தன் ரத்தத்தைத் தானே எடுத்து, தானே பரிசோதித்து, அந்தத் தாளைக் கணவருக்கு முன்னால் வைத்தார்.

"அலர்ஜி அணு, ஈசினோபில், பதினொண்ணு சதவீதம். ஆறுக்கு மேல போகக் கூடாது."

"மருந்து சாப்பிடேன்."

"சாப்பிட்டுட்டுதான் இருக்கேன். டாக்டர் என்ன சொல்றார்னா, ஒண்ணு நான் இந்த வீட்டுல இருக்கணும், இல்ல உங்க தூசி இருக்கணும்."

"தூசினு சொல்லாத."

"சரி, இலக்கியம். இலக்கியம் என் மூக்குல ஏறுது."

மகளுக்குச் செய்தி போயிற்று. மகள் அடுத்த வாரமே ஒரு கருவியோடு வந்து இறங்கினாள். மின்வாசிப்பான் என்று பத்திரிகைகள் சொல்லும். கண்ணாடிக்காரர் பார்த்ததும் சிலேட்டு என்றார். வீட்டில் அதுவே பெயராயிற்று.

"அப்பா, உங்க ரெண்டாயிரமும் இதுக்குள்ள அடங்கிடும். இன்னும் பத்தாயிரம் வாங்கினாலும் இதே வெயிட்டுதான்."

"இரவல் குடுக்கறது எப்படி?"

"குடுக்க முடியாதுப்பா. பாஸ்வேர்டு இருக்கு. யாரும் உங்ககிட்ட கேக்கவே முடியாது."

மருந்துக்கடைக்காரரும் ஜெராக்ஸ் கடைக்காரரும் இன்னும் பல பேரும் முப்பது வருடமாகக் காபிக் கறையோடு திருப்பித் தந்த புத்தகங்கள் அவர் கண்முன் வந்துபோயின. கறைபடாத, கிழியாத, யாரும் கேட்க முடியாத ஒரு நூலகம்! இவ்வளவு நல்ல விஷயத்தை இத்தனை நாள் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். ஏற்கெனவே மின்நூலகத்தில் இருக்கிற புத்தகங்களுக்கு அதிலேயே அனுமதி போட்டுத் தருவார்களாம். இல்லாதவற்றின் முதுகை இயந்திரத்தில் அறுத்து, தாள் தாளாகப் படம் பிடித்து ஏற்றுவார்களாம். காகிதம் எல்லாம் கூழாகப் போய்விடும். அறுபத்தொரு அட்டைப் பெட்டிகள் படியிறங்கின. மனைவி முகத்தில் துணி கட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். கடைசி அலமாரிக்கு வந்தபோது, வழக்கமில்லாத மெல்லிய குரலில் சொன்னார்:

"அந்த ஒன்பது பாகத்த மட்டும் வச்சுக்கோங்களேன். ஒன்பதுக்கெல்லாம் என் மூக்கு ஒண்ணும் சொல்லாது."

"செஞ்சா முழுசா செய்யணும்," என்றார் கண்ணாடிக்காரர்.

"உங்க அண்ணனுக்கு வேணுமே."

"அதுக்குத்தான் ஒரு யோசனை வச்சிருக்கேன்."

அவருடைய வாழ்க்கையில் வந்த யோசனைகளிலேயே அதுதான் அன்பு கலந்தது. அண்ணனுக்கு எழுபது ஆகிறது. சண்டைக்கப்புறம் வேறு எங்கோ கண்ணாடி போட்டுக்கொண்டார், அதுவும் பொருந்தாமல் மூக்கில் இறங்கி நிற்கிறது. சிலேட்டில் எழுத்தைப் பெரிதாக்கலாம், வெளிச்சத்தைக் கூட்டலாம். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன் இதைவிட நல்ல சமாதானத் தூதை எங்கே தேடுவான்? இன்னொரு சிலேட்டு வாங்கினார். மகள் தன் அப்பாவின் அக்கவுண்டையே அதிலும் போட்டு, மின்நூலகத்திலேயே இருந்த ஒன்பது பாகத்தையும் ஏற்றிக் கொடுத்தாள். எழுத்தின் அளவை மட்டும் கண்ணாடிக்காரர் தானே வைத்தார். எத்தனை தூரத்தில் அண்ணன் பிடிப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்போது அண்ணனிடம் ஏழாம் பாகம் இருந்தது. கண்ணாடிக்காரர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியைப் பிரித்து, சிலேட்டை அண்ணியிடம் நீட்டினார்.

"இதுல ஒன்பது பாகமும் இருக்குனு சொல்லுங்க அண்ணி. எழுத்து பெருசு. கண்ணுக்குச் சிரமம் இல்ல. இதைத் திருப்பித் தர வேண்டாம், அன்பளிப்புனு சொல்லுங்க."

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. அண்ணன் சிலேட்டைப் பார்த்தார். தம்பியின் மடியில் இருந்த ஏழாம் பாகத்தைப் பார்த்தார்.

"ஒன்பதும் இருக்காமா?"

"ஒன்பதும்."

"அப்ப எட்டாம் பாகம் கொண்டு வர மாட்டாரா?"

"அதுலயே இருக்குங்க," என்றார் அண்ணி. அவர் குரலும் மாறியிருந்தது.

"அதாவது, மொத்தமா முடிச்சுக் குடுத்துட்டாரு. இனிமே நாலு வாரத்துக்கு ஒருக்க இவ்வளவு தூரம் வந்து இந்த வீட்டுக் காபியக் குடிக்கிற கஷ்டம் அவருக்கு இல்ல. அதானே?"

இந்த இடத்தில் 'அதில்லை' என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அன்போடு கொண்டுவந்த பொருளைப் பார்த்து இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் சுருக்கென்று இராது? கண்ணாடிக்காரர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆமா. யாருக்கும் இனிமே அலைச்சல் இல்லனு சொல்லுங்க."

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லு."

அண்ணி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சொல்வதற்கு எதுவும் மிச்சம் வைக்காமல் இரண்டு பேருமே சொல்லி முடித்திருந்தார்கள். ஏழாம் பாகம் மறுநாள் கூழாகப் போயிற்று.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. இரவல் வாங்கியவர்கள் தெருவில் அவரைப் பார்த்தால் முன்பு சந்தில் நுழைவார்கள். இப்போது தைரியமாக எதிரே வந்து, "எல்லாம் டிஜிட்டலாமே சார், ரொம்ப நல்லது" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அவ்வளவு உண்மையான வாழ்த்தை அவர் அதற்கு முன்பு பெற்றதில்லை. ஒருவரும் வீட்டுக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் தானாக வருகிறவர் என்றே முப்பது வருடமாகப் பழகிவிட்டார்கள்; கூப்பிட வேண்டியவர் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் வீட்டு ஞாயிறு வந்தது. காலை ஒன்பதரைக்குக் கண்ணாடிக்காரர் குளித்துச் சட்டை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் மனைவி.

"எங்கயும் இல்ல."

"எங்கயும் இல்லாததுக்கு இஸ்திரிச் சட்டையா?"

"சும்மா இருந்துச்சு, போட்டேன்."

"சட்டை சும்மா இருந்துச்சா, நீங்க சும்மா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு மனைவி தும்மினார். ஆம், தும்மல் நிற்கவில்லை. புத்தகங்கள் போன இரண்டாம் மாதம் மறுபடி பரிசோதித்ததில் ஈசினோபில் பன்னிரண்டு. அந்த அறைச் சுவரின் ஈரம்தான் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் இப்போது நினைக்கிறாராம். அலமாரிகள் இருந்தவரை அந்தச் சுவர் மறைந்திருந்ததாம். இதை மனைவி மிகவும் தணிந்த குரலில், சமையலறையிலிருந்தே தெரிவித்தார்.

ஒருநாள் காலை கடையில் கூட்டமில்லாத நேரம். கண்ணாடிக்காரர் சிலேட்டைத் திறந்து ஏழாம் பாகத்தைத் தொட்டார். திரையில் ஒரு சிறு பெட்டி எழுந்து வந்தது. 'மற்றொரு கருவியில் 212ஆம் பக்கம் வரை வாசிக்கப்பட்டுள்ளது. அங்கே செல்லவா?' கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள்.

பதறிப்போய் மகளுக்குப் போன் போட்டார்.

"எவனோ என் புத்தகத்துக்குள்ள பூந்து படிக்கிறான்."

"யாரும் பூரலப்பா. பெரியப்பாதான். ரெண்டு சிலேட்டும் ஒரே அக்கவுண்டு இல்லையா? அவர் எதுவரைக்கும் படிச்சார்னு உங்களுக்குக் காட்டும், நீங்க படிச்சா அங்க காட்டும்."

போனை வைத்தார். 'ஆம்' என்பதை அழுத்தினார். படைத்தலைவனின் பேரன் கோட்டைச் சுவரில் ஏறிக்கொண்டிருக்கும் பக்கம் வந்தது. அண்ணன் அங்கே இருந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. தினமும் கடை திறந்ததும் முதலில் சிலேட்டு. அண்ணன் முன்பு நாலு வாரத்துக்கு ஒரு பாகம் படித்தவர், இப்போது நாளுக்கு முப்பது, நாற்பது பக்கம் போகிறார். எல்லாம் எழுத்தின் அளவு சரியாக இருப்பதால் வந்த வேகம் என்று கண்ணாடிக்காரர் தொழில் முறையில் முடிவு கட்டினார். அண்ணன் நின்ற பக்கம் வரை தானும் படித்து, அங்கேயே நிறுத்துவார். முந்திப் போக மாட்டார். மதியம் சாப்பாட்டுக்கு மேலே வந்தால் மனைவியிடம் செய்தி சொல்வார்.

"அண்ணன் எட்டாம் பாகம் ஆரம்பிச்சுட்டார்."

"நல்லது. ஒரு நட போய்ப் பார்த்துட்டு வாங்க."

"எதை வாங்கப் போறேன்னு போறது?"

"அண்ணனப் பாக்கப் போறேன்னு போங்க. உலகத்துல எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

"சும்மா எப்படிப் போறது?" என்பார் அவர். முப்பது வருடமாக ஒரு வீட்டுக்கும் சும்மா போயிராத மனிதர். போகும் முறை அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

ஒன்பதாம் பாகம், 388ஆம் பக்கத்தில் அண்ணன் நின்றார். கடைசி அத்தியாயம் மட்டும் மீதம். இருபத்தாறு பக்கம். மறுநாளும் 388. மறுவாரமும் 388. கண்ணாடிக்காரர் முதல் வாரம் ஜலதோஷம் என்று நினைத்தார். இரண்டாம் வாரம் சார்ஜர் பழுது என்று நினைத்தார். மூன்றாம் வாரம், கதை முடிந்துவிடக் கூடாதென்று அண்ணன் ஆசையாக நிறுத்தி வைத்திருக்கிறார் என்று நினைத்துத் தானும் 388இலேயே நின்றார். நாலாம் வாரம் சட்டையைப் போட்டுப் படியிறங்கி, சார்ஜரைச் சரிபார்க்க வந்தேன் என்று சொல்லலாமா என்று யோசித்து, அது மெக்கானிக் வேலை என்று தோன்றி, மறுபடி மேலே ஏறினார். ஐந்தாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, மனைவி கடைக்கு இறங்கிவந்து, இருந்த வாடிக்கையாளரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

"போங்க."

வியாழக்கிழமை. அதுவும் மத்தியானம். அவர் போனார்.

அண்ணன் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே இரண்டு நாற்காலிகளும் இல்லை. செய்தித்தாளும் இல்லை. அண்ணி கூடத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி," என்றார். ஆச்சரியப்படவில்லை. "உக்காரச் சொல்லத்தான் ஒண்ணும் இல்ல."

"என்ன அண்ணி இது?"

"எங்க பையன் வந்து அவரத் தன்னோட ஊருக்குக் கூட்டிட்டுப் போய் மூணு வாரம் ஆச்சு. வீட்ட வித்தாச்சு. நான் சாவி குடுக்க வந்தேன்."

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"வலது கண்ணு போயிருச்சு தம்பி. கண்ணுல அழுத்தமாம். ரொம்ப வருஷமா இருந்திருக்குனு சொன்னாங்க. தலையச் சாச்சு, ஒரு பக்கமாத் திருப்பியே பாத்துட்டு இருந்தாரே, வீட்டுல யாருக்குமே தெரியலையானு டாக்டர் திட்டினாரு."

நாலடி தூரத்தில், பதினோரு வருடம், அந்தத் தலையைத் தொழிலில் முப்பது வருட அனுபவம் உள்ள ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா படிச்சுட்டு இருந்தாரே! ஒன்பதாம் பாகம் வரைக்கும் வந்தாரே, நான் தினம் பாத்துட்டு இருந்தேனே!"

"அவரா?" அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. "அவர் என்னைக்குத் தம்பி படிச்சாரு? பள்ளிக்கூடம் விட்டதுலேருந்து கதைப் புத்தகத்துல ஒரு பக்கம் படிச்சதில்ல. நான்தான் படிப்பேன். நீங்க வர்றதுக்கு முந்தின நாள் உக்காத்தி வச்சுக் கதை சொல்லுவேன், ஏதாவது கேப்பீங்கனு. மனப்பாடம் பண்ணுவாரு, பாவம், சின்னப் பையன் மாதிரி. நீங்க என்னடான்னா குதிரைக் கலரெல்லாம் கேட்டீங்க! நான் எங்க போறது? ஒரு பாகம் பூராத் தேடினேன். எங்கயும் இல்ல. செவலைனு நானாத்தான் சொல்லிக் குடுத்தேன். நீங்களும் சரிதான்னு சொல்லிட்டீங்க."

கண்ணாடிக்காரருக்கும் குதிரையின் நிறம் தெரிந்திருக்கவில்லை. கேள்வி தீர்ந்துபோய்த்தான் அதைக் கேட்டார். அதை இப்போது சொல்லிப் பயனில்லை.

"அப்ப அந்தச் சிலேட்டு..."

"அன்னைக்கே தூக்கி அலமாரில வச்சுட்டாரு. நான் எடுத்துப் படிச்சேன். நீங்க வந்துட்டுப் போற பக்கம் எனக்கும் காட்டுச்சு. சரி, தம்பி கூடவே வர்றாரேனு இருந்துச்சு. அவர்கிட்டயும் சொன்னேன். 'வீட்டுக்கு வரச் சொல்லு, பக்கத்துக்கு வந்து என்ன'ன்னாரு. ரெண்டு நாலாவது ஞாயிறு நல்ல சட்டை போட்டு உக்காந்திருந்தாரு. மூணாவதுக்குப் போடல. பையன் கூப்பிட்டப்ப சரின்னுட்டாரு. அப்பத்தான் நான் கடைசி அத்தியாயத்துக்கு முன்னாடி நிறுத்தினேன். நிறுத்தினா என்னவோ ஏதோன்னு வருவீங்கன்னு நினைச்சேன்."

"நானும் நிறுத்திட்டேன் அண்ணி."

"அதுவும் காட்டுச்சு," என்றார் அண்ணி.

அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்து எண்ணை அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். மறுமுனையில் ஏதோ பெரிய சாலையின் இரைச்சல்.

"உங்க தம்பி வந்திருக்காரு."

 இரைச்சலுக்கு நடுவே தொண்டையைச் செருமும் சத்தம்.

"எதுக்காம்?"

அண்ணி போனைக் கண்ணாடிக்காரர் பக்கம் நீட்டினார். அவர் வழக்கம்போல அண்ணியைப் பார்த்தார்.

"அவருக்கு நாம எதாச்சும் புத்தகம் திருப்பித் தர வேண்டியிருக்கானு கேளு," என்றது போன். "இருந்தா இங்க வந்து வாங்கிக்கட்டும். விலாசம் குடு. ஞாயித்துக்கிழமன்னா நான் வீட்டுலதான் இருப்பேன்."

அண்ணி போனைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்: "இருக்குன்னு சொல்லுங்க தம்பி. எதையாவது சொல்லுங்க. அந்தச் சிலேட்டு இருக்குனு சொல்லட்டுமா?"

"அது அன்பளிப்பு அண்ணி. குடுத்தத எப்படித் திருப்பிக் கேக்கறது?"

"புத்தகம்னு சும்மா சொல்லுங்களேன்!"

முப்பது வருடத்தில், வராத புத்தகத்தை அவர் கேட்காமல் விட்டதில்லை. வந்துவிட்ட புத்தகத்தை ஒருவரிடமும் இரண்டாம் முறை கேட்டதுமில்லை. அந்தப் பெயருக்குப் பழுது வரக் கூடாது என்று நினைத்தாரோ, அல்லது வேறு எதைச் சொல்வதென்று உண்மையாகவே தெரியவில்லையோ, கண்ணாடிக்காரர் நிமிர்ந்து நின்று, போன் இருந்த திசைக்கு, அண்ணியைப் பார்த்தே சொன்னார்:

"ஒண்ணும் இல்லைனு சொல்லுங்க அண்ணி. எல்லாம் வந்து சேர்ந்துருச்சு."

"சரி," என்றது அண்ணியின் கைக்குள்ளிருந்து போன், எடுத்துச் சொல்ல யாரும் தேவைப்படாமலே.